அடுப்பங்கரை அலமாரிக்கு மறுவண்ணம்

சமையலறை அலமாரிக் கதவைப் போல அடிபடும் மரவேலை வீட்டில் வேறில்லை. ஈரக்கையும் மாவுக்கையும் எண்ணெய்க்கையும் நாள் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. தாளிக்கும்போது எழும் புகை அதன் முகத்தில் படிகிறது. குக்கர் விடும் ஆவி அடிவிளிம்பில் புகுந்துகொள்கிறது. கூடத்து ஜன்னலில் ஆண்டுக்கணக்கில் மங்காமல் நிற்கும் அதே பெயின்ட், அடுப்புக்கு மேலுள்ள கதவில் சீக்கிரமே மஞ்சளித்துப் பிசுபிசுத்து, கைப்பிடியைச் சுற்றித் தேய்ந்து போகிறது. பெரும்பாலான வீடுகளில் இந்த நிலையிலும் உள்ளே இருக்கும் மரம் நன்றாகவே இருக்கும். கெட்டது மேல்பூச்சு மட்டும்தான். அதைப் புதுப்பிப்பது, பழையதை உடைத்துப் போட்டு மாடுலர் கிச்சன் வைப்பதில் ஒரு சிறு பங்குச் செலவில் முடிகிற வேலை. ஆனால் இந்த வேலையின் பெரும்பகுதி பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட வேண்டும். மறுவண்ணம் அடித்த கதவுகள் ஓராண்டுக்குள் உரிந்து வருகிற வீடுகளில் குறை பெரும்பாலும் பெயின்டில் இருப்பதில்லை, அதற்கு அடியில் இருக்கிறது.

முதலில் அலமாரி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் சுவரிலேயே குழிவு விட்டு, கடப்பைக் கல்லோ சிமென்ட் பலகையோ பதித்து அடுக்குகள் அமைத்து, முன்புறம் மரச் சட்டமும் கதவும் பொருத்தியிருப்பார்கள். பின்னர் பிளைவுட்டில் பெட்டி கட்டி சன்மைகா ஒட்டும் வழக்கம் பரவியது. அடுக்குமாடி வீடுகள் பெருகியதோடு எம்.டி.எஃப், துகள் பலகை, பி.வி.சி எல்லாம் வந்து சேர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இவை ஒன்றுபோலவே இருக்கும். அடையாளம் காண எளிய வழி, கதவின் கீலைக் கழற்றிப் பார்ப்பது. இப்போதைய மறைகீல்களுக்காகக் கதவின் உட்புறம் 35 மி.மீ விட்டமுள்ள வட்டக் குழி தோண்டியிருப்பார்கள். அந்தக் குழியின் ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். சிம்புகளை அமுக்கிச் செய்தது போலத் தெரிந்தால் துகள் பலகை. இழையே தெரியாமல் பழுப்பாக, பிஸ்கட்டை உடைத்தது போல இருந்தால் எம்.டி.எஃப்.

எல்லா அலமாரிக்கும் வண்ணம் அடித்துப் பயனில்லை. சிங்க்குக்குக் கீழே இருக்கும் துகள் பலகை ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால் அது பழைய தடிமனுக்குத் திரும்பாது. அந்தப் பலகையை மட்டும் நீர்தாங்கும் பிளைவுட்டாக மாற்றிவிடுவதே சரி. சமையலறைக்கு வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டைக் கேட்டு வாங்கலாம். கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டப்பட்ட ரகம் அது. பி.வி.சி கதவில் பெயின்ட் சரியாகப் பிடிப்பதில்லை. வெயில் படும் இடத்தில் பலகை நெளியும்போது பூச்சு விரிசல் விடுகிறது. கரையான் அரித்த சட்டத்துக்கும், தட்டினால் மாவாகக் கொட்டும் கதவுக்கும் முதலில் மருந்தும் தச்சரும் தேவை. இன்னொரு வகையும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளிலும் வேறு சில பழைய வீடுகளிலும் இருக்கும் பர்மா தேக்குக் கதவுகளின் மேல் எனாமல் அடிப்பது அழகான மரத்தை மூடி மறைக்கிற காரியம். அவற்றைச் சுத்தம் செய்து, பழைய வார்னிஷை எடுத்துவிட்டு, மரத்தின் இழை தெரியும்படி மெருகேற்றுவதே பொருத்தம். சுவர் அலமாரியின் சட்டத்தில் மட்டும் பெயின்ட் கொப்புளித்து உரிகிறதென்றால் சுவரின் பின்புறத்திலிருந்து ஈரம் வருகிறது என்று பொருள். குளியலறைக் குழாயோ மொட்டைமாடியோ, கசிவு எங்கே என்று கண்டு அடைக்காமல் எத்தனை முறை அடித்தாலும் அது உரியும்.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. மறுவண்ணத்தின் முதல் எதிரி இதுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து இறுகும் தன்மை கொண்டவை. எண்ணெய் பெயின்ட் காய்வதும் இதே வினையால்தான். ஆகவே அடுப்புக்கு மேலுள்ள கதவில் பல ஆண்டுகளாகப் படிந்த மஞ்சள் பிசின் வெறும் அழுக்கு அல்ல, தானாகவே பூசிக்கொண்ட ஒரு மட்டமான வார்னிஷ். தண்ணீரில் அது கரையாததற்கும், பாத்திரம் தேய்க்கும் திரவத்துக்குக்கூட எளிதில் அசையாததற்கும் அதுவே காரணம். தேங்காய் எண்ணெய் இப்படி இறுகுவதில்லை. அது கடைசிவரை வழுவழுப்பாகவே நிற்கும். அதைத் துடைப்பது எளிது, ஆனால் துளி மிச்சம் இருந்தாலும் மேலே அடிக்கும் பெயின்ட் பிடிக்காது.

இறுகிய பிசுக்கை எடுக்கக் காரம் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் சலவை சோடாவை ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நாரால் தேய்த்தால் எண்ணெய் சோப்பாக மாறிக் கழன்று வரும். கைப்பிடியைச் சுற்றியும் கதவின் மேல்விளிம்பிலும் இரண்டு மூன்று தடவை தேய்க்க வேண்டியிருக்கும். வெள்ளைக் கதவில் மஞ்சள்தூள் கறை இருந்தால் சோடா பட்டதும் அது திடீரென்று செந்நிறமாக மாறும். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் அப்படித்தான் நிறம் மாறும், பயப்பட ஒன்றுமில்லை. அலுமினியச் சட்டத்தில் மட்டும் சோடா படக்கூடாது, அது உலோகத்தை அரிக்கும். கழுவியபின் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்துச் சோடாவின் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். பிளைவுட், எம்.டி.எஃப் கதவுகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் பிழிந்த துணியால் துடைப்பதே நல்லது. சுத்தமாகிவிட்டதா என்று அறியக் கதவில் சில துளி தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். முத்து முத்தாக உருண்டு நின்றால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவினால் போய்விட்டது.

உப்புத்தாள் போடுவது இதற்குப் பிறகுதான். அவசரத்தில் இந்த வரிசையை மாற்றிவிடுகிறவர்கள் பலர். பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால் எண்ணெய் மரத்தின் இழைகளுக்குள் ஏறிவிடும், பிறகு அதை எதனாலும் எடுக்க முடியாது. மரச்சாமானுக்கு அடிக்கும் சிலிகான் கலந்த பாலிஷ் ஸ்பிரேயும் இதே தொல்லையைத் தரும்; புதுப் பெயின்டில் மீன்கண் போலச் சிறு சிறு குழிகள் விழுந்தால் அதன் வேலை என்று அறியலாம்.

பழைய பெயின்டைத் தேய்ப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் வீட்டு உபயோக பெயின்ட்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல்களில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த தாளால் தேய்க்கும்போது கிளம்பும் தூள்தான் ஆபத்து. அது அரிசிப் பானைமீதும் தரையில் தவழும் குழந்தையின் கையிலும் படியும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் மிகக் குறைந்த அளவிலேயே பாதிக்கிறது. எனவே பழைய எனாமலை வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்து, வரும் குழம்பை அவ்வப்போது துணியால் வழித்து, அந்தத் துணியைத் தனியே கட்டிப் போட்டுவிட வேண்டும். நெருப்பால் சுட்டு உரிப்பது கூடவே கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நாட்களில் அந்தப் பக்கம் வராதிருப்பது நல்லது.

கழற்றும் வேலை எளிது, ஆனால் ஒழுங்கு வேண்டும். கதவுகளையும் டிராயர்களையும் கழற்றும்போதே கீல் குழிக்குள் ஓர் எண் எழுதி, மேலே ஒரு டேப் ஒட்டிவிட்டால் பிறகு எந்தக் கதவு எங்கே என்று திண்டாட வேண்டாம். கதவைச் சட்டத்திலேயே விட்டுவிட்டுக் கீலோடு சேர்த்து அடிக்கிற பழக்கம் பல பெயின்டர்களிடம் இருக்கிறது. நேரம் மிச்சமாகும் என்பது மட்டுமே அதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது. பெயின்ட் புகுந்த கீல் இறுகும், கதவின் விளிம்பு பூச்சில்லாமல் நின்று ஈரம் குடிக்கும். கைப்பிடியை மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். கடைகளில் விற்கும் கைப்பிடிகளின் துளை இடைவெளி பெரும்பாலும் 96, 128, 160 மி.மீ என்று 32இன் மடங்குகளாக வரும். பழைய அளவிலேயே வாங்கினால் துளை போடும் வேலை இல்லை. வேறு அளவென்றால் பழைய துளைகளை அடைத்துவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். லூசாகிப்போன திருகாணித் துளையில் மூங்கில் சிம்பை மரப்பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் ஒட்ட வெட்டிவிட்டால் திருகாணி மறுபடி இறுக்கமாகப் பிடிக்கும்.

பட்டி பார்க்கும்போது நடக்கும் வழக்கமான தவறு, சுவருக்கு வாங்கிய சிமென்ட் பட்டியில் மிச்சமிருப்பதை மரத்தில் அப்புவது. மரம் மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும். சிமென்ட் அதற்கு ஈடுகொடுக்காமல் வெடித்துவிடும். மரத்துக்கென்று விற்கும் பட்டியைப் பள்ளங்களில் மட்டும் மெல்லியதாக இழுத்து, காய்ந்தபின் 120, அடுத்து 180 எண் தாளால் சமன் செய்தால் போதும். எம்.டி.எஃப் கதவின் வெட்டுவிளிம்பு பெயின்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் அதற்குப் பிரைமர் இரண்டு கோட் வேண்டும்.

பிரைமரைத் தேர்வு செய்யும்போது அடியில் இருக்கும் பொருள்தான் கணக்கு. சாதாரண மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் வுட் பிரைமர். இரும்பு அலமாரியென்றால் துருவைச் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு. தேக்கில் இயற்கையான எண்ணெய் இருக்கிறது. பூச்சு காய்வதை அது தாமதப்படுத்தும். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, தாமதிக்காமல் பிரைமர் அடிக்க வேண்டும். வேங்கை மரத்தின் சாயம் தண்ணீரில் கரைவது. அதன்மேல் தண்ணீர் கலந்த பெயின்ட் அடித்தால் சில நாளில் பழுப்புக் கறை மேலேறி வரும். இதைத் தடுக்கப் பழைய தச்சர்கள் கையாண்ட பொருள் அரக்கு. அரக்குப் பூச்சியின் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு மெல்லிய கோட் கொடுத்தால் மரக்கணுவின் கறையும் பழைய புகை வாடையும் அடியிலேயே அடைபட்டுவிடும். அரக்கு விளையும் நாடுகளில் இந்தியா முக்கியமானது, ஜார்க்கண்டில் அது மிகுதி. கறையை அடைக்கும் பிரைமர் என்று மேல்நாடுகளில் விலை கூட்டி விற்பதிலும் பல அரக்கால் ஆனவையே.

சன்மைகாவின் கதை வேறு. மெலமைன் போன்ற பிசின்களில் ஊறிய தாள்களை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கிச் செய்வது அது. எதுவும் எளிதில் ஒட்டாத பரப்பு. அதன்மேல் நேரடியாக எனாமல் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே ஏடாக உரிந்து வரும். 220 எண் தாளால் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்த்து, வழுக்கும் பரப்புகளில் ஒட்டுவதற்கென்றே விற்கும் பிரைமரை அடித்தால் நிற்கும். அதிலும் முழு அலமாரியையும் தொடங்குவதற்கு முன் ஒரு கதவின் உட்புறத்தில் சிறு இடத்தில் அடித்துப் பார்ப்பது நல்லது. சில நாள் காயவிட்டு, பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, செல்லோடேப் ஒட்டிச் சட்டென்று இழுத்தால் தெரிந்துவிடும். பெயின்ட் தொழிற்சாலைகளின் ஆய்வுக்கூடங்களிலும் ஒட்டும் திறனை இப்படித்தான் சோதிக்கிறார்கள். சன்மைகாவே பலகையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தால் பெயின்ட் யோசனையை விட்டுவிட்டுப் புது சன்மைகா ஒட்டுவதே மேல்.

மேல்பூச்சில் பலருக்குப் பழகியது எண்ணெய் எனாமல். விலை குறைவு, கையால் அடிக்க எளிது, கடினமாக இறுகும். அதன் குறை மஞ்சளிப்பது. வெளிச்சம் படாத இடத்தில் இது வேகமாக நடக்கும். வெள்ளை எனாமல் அடித்த அலமாரியின் வெளிப்புறத்தைவிட உட்புறம் முதலில் பழுப்பேறுவது அதனால்தான். வெள்ளையும் வெளிர் நிறங்களும் வேண்டுவோர் தண்ணீரில் கரையும் எனாமலை வாங்குவது நல்லது. அது மஞ்சளிப்பதில்லை, நெடியும் குறைவு. ஆனால் முழுதாக இறுகச் சில வாரம் எடுக்கும். கார் பெயின்ட் போன்ற கண்ணாடி வழவழப்பு வேண்டுமென்றால் டியூகோவோ பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சோ ஸ்பிரே செய்ய வேண்டும். டியூகோ 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கார்களுக்காகவே கொண்டுவந்த லாக்கர்தான். வீட்டுச் சமையலறையில் வைத்து இவற்றை ஸ்பிரே செய்வது சரியல்ல, கதவுகளைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பளபளப்பு எவ்வளவு என்பதிலும் யோசனை தேவை. முழுப் பளபளப்பு ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். முழு மேட் எண்ணெய்க் கறையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இடைப்பட்ட சாட்டின் பூச்சே சமையலறைக்கு ஏற்றது.

காலமும் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்தை ஒட்டி, அலமாரிக்கும் மார்கழியில் பெயின்ட் அடிக்கிற வீடுகள் உண்டு. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். மரம் இன்னும் ஈரம் குடித்து உப்பிய நிலையிலேயே இருக்கும். அந்த ஈரத்தைப் பூச்சு உள்ளேயே அடைத்துவிட்டால் கோடையில் கொப்புளம் கிளம்பும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் அதிகம். ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் பூச்சு பால்போல வெளுத்தும் போகும். தை பிறந்து வெயில் ஏறியபின், மாசி பங்குனியில் தொடங்குவது மேல். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்து அடிப்பதும் தவறுதான். தூரிகை ஓடுவதற்குள் பூச்சு இழுத்துக்கொள்ளும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குச் சிறு கணக்குப் போதும். இரண்டடிக்கு ஒன்றரை அடி அளவில் 15 கதவுகள் என்றால் ஒரு பக்கம் 45 சதுர அடி, இரு பக்கமும் 90. சட்டங்களையும் டிராயர் முகப்புகளையும் சேர்த்து 120 என்று வைத்துக்கொண்டால், இரண்டு கோட்டுக்கு 240 சதுர அடி. ஒரு லிட்டர் எனாமல் வழவழப்பான பரப்பில் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 130 சதுர அடி வரும். ஆக இரண்டு முதல் இரண்டரை லிட்டர்.

அடிக்கும் நாளில் கேஸ் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். தின்னர் ஆவியும் நெருப்பும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. அரிசி, பருப்பு, மசாலா டப்பாக்கள் வேறு அறைக்குப் போகட்டும், அவை பெயின்ட் வாடையை எளிதில் பிடித்துக்கொள்ளும். கதவைப் படுக்க வைத்து அடித்தால் பெயின்ட் வழியாது. இழைப்பு வேலையுள்ள கதவில் முதலில் குழிவுகள், பிறகு நடுப்பலகை, கடைசியில் சுற்றுச்சட்டம் என்று போக வேண்டும். தட்டையான கதவுக்கு ஸ்பாஞ்ச் ரோலர் போதும். உருட்டி முடித்ததும் வெறும் தூரிகை நுனியால் மரத்தின் இழைப் போக்கில் ஒருமுறை மெல்ல நீவினால் குமிழிகள் அடங்கும். தடிமனாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு கோட் எப்போதும் மேல். எண்ணெய் எனாமலில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு முழு நாள் விட்டு, 320 எண் தாளால் லேசாகத் தடவி, தூசியைத் துடைத்துவிட்டுத் தொடர வேண்டும். ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயவைத்தபின் எறிய வேண்டும்.

நிறம் அவரவர் விருப்பம். நவீனச் சமையலறை வடிவமைப்பின் தொடக்கமாகக் கருதப்படும் பிராங்க்பர்ட் சமையலறையை 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்தபோது, அலமாரிகளுக்கு நீலம் கலந்த பச்சையைத் தேர்ந்தெடுத்தார். ஈக்கள் நீலத்தில் உட்காராது என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. ஜெர்மன் ஈக்கள் அதை மதித்தனவா என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டுச் சமையலறையில் நடைமுறைக்கு ஒத்துவருவது, மஞ்சளும் மிளகாய்த்தூளும் சிந்துகிற மேடைக்குக் கீழே கருத்த நிறம், புகை படிந்தால் உடனே தெரிந்து துடைக்கும்படி மேல்வரிசையிலும் பரண் கதவுகளிலும் வெளிர் நிறம். கரும்பச்சையும் சாம்பல் நீலமும் கீழ்வரிசைக்கு நன்றாகவே அமைகின்றன.

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளமே தவிர, இறுகியதற்கு அல்ல. அன்றே மாட்டிவிட்டால் கதவும் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பூச்சு பிய்ந்து வரும். கதவுகளை மாட்ட நான்கைந்து நாளாவது பொறுக்க வேண்டும். மாட்டியபின் சட்டத்தின் மூலைகளில் சிறு ரப்பர் பொட்டு ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அடுக்குகளில் தாள் விரிப்பதும் கனமான டப்பாக்களை வைப்பதும் இன்னும் சில நாள் கழித்து. முதல் மாதம் முழுவதும் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சோப்பும் நாரும் அதன் பிறகுதான். மிஞ்சிய பெயின்டை விளிம்புவரை நிரம்பும் சிறு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, நிற எண்ணையும் வாங்கிய தேதியையும் மேலே எழுதி வைத்தால், கைப்பிடி ஓரத்தில் முதல் கீறல் விழும்போது அதே நிறத்தைத் தேடிக் கடை கடையாக ஏற வேண்டியிருக்காது.